கடைமடைக்கு வரும் நீரும் வடியும் நீரும்

மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிந்து, கிளை கிளையாக மெலிந்து வேதாரண்யம் பக்கத்து வயலை எட்டுவதற்குள் இன்னும் பல நாள் ஆகும். சில ஆண்டுகளில் எட்டுவதே இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்த மழைநீர் அத்தனையும் வடிந்து கடலுக்குப் போகும் வழியும் இதுதான். ஆவணியில் வாய்க்கால் காய்ந்து கிடந்த அதே வயல் கார்த்திகையில் இடுப்பளவு நீரில் நிற்கும். பருவம் தடுமாறத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில் கடைமடையில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். வடக்கிலிருந்து நேர்கோடாக இறங்கி வரும் வங்கக் கடற்கரை கோடியக்கரையில் மேற்கே மடங்குகிறது. ஊரில் பெரும்பாலும் மீன்பிடிப்பும் காடும்தான். 1967இல் காடு வனவிலங்குச் சரணாலயமானது. 2002இல் அதைச் சுற்றிய சதுப்பும் சேர்ந்து ராம்சார் பட்டியலில் ஏறியது. வடக்கே அகஸ்தியம்பள்ளியின் உப்பளங்களைக் கடந்தால் வேதாரண்யம். அதற்கப்பால் கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், தகட்டூர், வாய்மேடு, தலைஞாயிறு என்று விவசாய ஊர்கள் தொடங்குகின்றன.

இங்கே மண் இரண்டு வகை. ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்து, கடல் பின்வாங்கியபோது நின்றுவிட்ட மணல்மேடுகள் ஒரு வகை. அவற்றில் மா, தென்னை, முந்திரி, சவுக்கு, மல்லிகை, முல்லை. மேடுகளுக்கு இடையே உள்ள தாழ்ந்த களிமண் இன்னொரு வகை. அங்கேதான் நெல். கடல் மட்டத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் உயரமே உள்ள இந்தத் தாழ்நிலத்தில்தான் சிக்கல் முழுவதும் கூடிக் கிடக்கிறது.

ஆற்று நீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அதை நம்பித்தான் குறுவை, சம்பா, தாளடி என்ற நெற்பருவக் கணக்கே இருந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் அணை திறக்கவில்லை. 2020இல்தான் அந்தத் தேதி திரும்பியது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் உரிய நாளில் திறந்து, நீர் போதாமல் அக்டோபர் 10இல் மூடினார்கள். 2024இல் திறக்கவே ஜூலை 28 ஆகிவிட்டது. இந்தத் தேதித் தடுமாற்றத்தில் கர்நாடகத்தோடு உள்ள காவிரி வழக்குக்கும் பங்கு உண்டு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் விதத்துக்கும் பங்கு உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்தது. மொத்தக் கணக்கு அது. கடைமடைக்காரருக்கு மொத்தத்தைவிட, தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம்.

ஆறு கைவிட்டால் வடகிழக்குப் பருவமழை காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. 2016இல் அந்த மழை தமிழகம் முழுவதும் சுமார் 62 விழுக்காடு குறைந்தது. 140 ஆண்டுகளில் அவ்வளவு மோசமான பொய்ப்பு இல்லை என்றார்கள். அடுத்து 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மழை நின்றிருக்க வேண்டிய 2021 ஜனவரியில் பெய்து தீர்த்ததில், அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து வயலிலேயே முளைவிட்டது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அதே கதை. புயல் இந்தக் கரைக்குப் புதிது இல்லை. 1952, 1955, 1977 புயல்களை வீட்டுப் பெரியவர்கள் தேதியோடு சொல்வார்கள். ஆனால் வறட்சி, புயல், பருவம் தப்பிய மழை மூன்றும் ஒரே குடும்பத்தின் மீது ஐந்தாறு ஆண்டுக்குள் அடுத்தடுத்து விழுந்தால் எழ நேரம் எங்கே? வாங்கிய கடனை அடைப்பதற்குள் அடுத்த கடன் வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் விவசாயி கையாளும் முதல் வழி விதைக்கும் நேரத்தையும் முறையையும் மாற்றுவது. நாற்றங்கால் போட்டு, நாற்றுப் பறித்து, நடவு செய்ய வேண்டுமானால் வயல் சேறாக வேண்டும். அதற்கு ஆற்றுநீர் உரிய நாளில் வந்தாக வேண்டும். அதை நம்ப முடியாததால் கடைமடையில் பலர் நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். ஆடி, ஆவணியில் காய்ந்த மண்ணைப் புழுதிபட உழுது, விதையைத் தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். முதல் மழையில் நெல் முளைக்கும். ஆரம்பத்தில் மானாவாரிப் பயிர்போல வளர்ந்து வேரை ஆழமாக விடும். ஐப்பசி அடைமழை வரும்போது தூர் கட்டி, தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் உயரத்துக்கு வந்திருக்கும். நடவு வயலில் அதே அடைமழை, நட்டுப் பத்து நாளான இளம்பயிரை மூழ்கடித்திருக்கும். நடவுக் கூலி மிச்சம் என்பதற்காக மட்டும் புழுதி விதைப்பு பரவவில்லை. வெள்ளம் வரும் நாளுக்கு முன்னால் பயிருக்கு வயது கூட்டுவதுதான் அதன் உண்மையான பயன்.

விலை இல்லாமல் இது கிடைப்பதில்லை. தண்ணீர் நிற்காத வயலில் களை நெல்லோடு போட்டி போட்டு எழும். களையெடுக்கும் செலவு நடவுச் செலவில் மிச்சமானதை விழுங்கிவிடுவதும் உண்டு. இன்னும் கொடியது இடையில் மழை நின்றுபோவது. ஆவணியில் ஒரு மழை பெய்து விதை முளைத்து, பிறகு இருபது நாள் வானம் காய்ந்தால் முளை கருகும். மறுபடி விதை வாங்கி, மறுபடி உழ வேண்டும். பெரிய பண்ணை வைத்திருப்பவர் பாதியை இப்போதும் பாதியைப் பதினைந்து நாள் கழித்தும் விதைத்து ஆபத்தைப் பிரித்துக்கொள்வார். நாலு மா நிலம் குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். ஒண்ணேகால் ஏக்கர் சொச்சத்தை எத்தனை துண்டாக்கி விதைப்பது?

அடுத்தது உப்பு. இது கோடியக்கரைப் பக்கத்துக்கே உரிய தொல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மண்ணில் உப்பேறும் வழி மூன்று. வடிகால் ஆறுகளின் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏற்றத்தின்போது உள்ளே வருவது ஒன்று. ஆற்றில் நன்னீர் ஓடினால் கடலை அது தள்ளிப் பிடிக்கும். நன்னீர் குறைந்த ஆண்டில் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறும். நிலத்தடியில் நன்னீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்புநீர் மேலெழுவது இரண்டாவது. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. கோடை வெயிலில் மண்ணின் மேல்பரப்பு காயும்போது, அடியிலுள்ள ஈரம் நுண்துளைகள் வழியாக மேலே ஏறி ஆவியாகும். நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். பங்குனி, சித்திரையில் வயலில் வெள்ளை பூத்திருப்பது இந்த உப்புதான்.

இதைத் தெரிந்துகொண்டால் ஊரார் செய்யும் பல வேலைகளுக்குக் காரணம் புரியும். கோடை மழை ஒன்று விழுந்ததும் உடனே ஒரு சால் உழுதுவிடுவார்கள். உழுதால் நுண்துளைகள் அறுபடும், அடி ஈரம் மேலே வராது, உப்பும் வராது. தக்கைப்பூண்டு விதைத்துப் பூப்பதற்குள் மடக்கி உழுவார்கள். அந்தச் செடி உப்பைத் தாங்கி வளரும், மண்ணுக்கு நிழல் தரும், மக்கும்போது களிமண்ணை இளக்கி நீர் இறங்க வழி செய்யும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் கடல்நீர் புகுந்த வயல்களை மீட்க இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வாரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தப் பசுந்தாள் வழியைத்தான் பெரிதும் நம்பினார்கள். வரப்பை உயர்த்தி மழைநீரைச் சில நாள் நிறுத்தி வைத்து, உப்பு கரைந்ததும் வடித்துவிடுவது இன்னொரு வேலை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வடிக்க இடம் இருந்தால்தான் உப்பு போகும். வடிகால் அடைபட்டிருந்தால் கரைந்த உப்பு அதே வயலில் மறுபடி காய்ந்து படியும்.

உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. நல்ல நீரால் கழுவினால் போதும். களர் நிலத்தில் மண்துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். அங்கே ஜிப்சம் இட்டுச் சோடியத்தைப் பிரித்த பிறகே கழுவ முடியும். எது எந்த நிலம் என்று மண் பரிசோதனை சொல்லும். பரிசோதிக்காமல் ஜிப்சம் கொட்டுபவரும் உண்டு, களர் நிலத்தை வெறும் நீரால் கழுவி ஏமாந்தவரும் உண்டு.

நெல்லின் உடலும் இங்கே கணக்கில் வரும். முளைக்கும்போது நெல் ஓரளவு உப்பைப் பொறுக்கும். இளநாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் பொறுக்காது. மண்சாற்றின் உப்பை அளக்கும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் எட்டில் ஒரு பங்கு போலக் குறையும். நாற்றுப் பருவம் ஒரு நல்ல மழைக்குப் பிறகும், பூக்கும் பருவம் வயலில் நன்னீர் நிற்கும் மார்கழிக்குள்ளும் அமையும்படி விதைப்பு நாளைப் பொருத்துவதுதான் கடைமடை உழவரின் பெரிய திறமை.

விதைத் தேர்வும் இதோடு சேர்ந்தது. வேதாரண்யம் பக்கத்துக் கரையோர ஊர்களில் குழியடிச்சான் என்ற சிவப்பு நெல் நெடுங்காலமாக உண்டு. குறுகிய வயது, புழுதியில் விதைக்கலாம், வறட்சியும் தாங்கும், உப்பும் தாங்கும். உவர் நிலத்துக்குக் களர்பாலையும் உண்டு. இவை அழியாமல் நம் கைக்கு வந்ததில் ஆதிரெங்கம் நெல் ஜெயராமனுக்குப் பெரும்பங்கு உண்டு. திருத்துறைப்பூண்டி அருகே அவர் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில் விதை கடனாகத் தரப்பட்டது. வாங்கியவர் அடுத்த ஆண்டு இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். கஜா அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

பாரம்பரிய ரகம் மட்டுமே வழி என்று நான் சொல்லமாட்டேன். அவற்றின் விளைச்சல் குறைவு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிவப்பரிசி நெல்லுக்கென்று தனி விலை இல்லை. உயரமான பயிர், காற்றில் சாயும். திருச்சி வேளாண் கல்லூரியின் டிஆர்ஒய் ரகங்களும் கோ 43உம் உப்பைத் தாங்கவென்றே வந்தவை. வெள்ளத்துக்குச் சிஆர் 1009 சப் 1 என்ற ரகம் இருக்கிறது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து கண்டெடுத்த மரபணுவைப் புகழ்பெற்ற சிஆர் 1009க்குள் சேர்த்திருக்கிறார்கள். சாதாரண நெல் மூழ்கினால் மூச்சுக்காக மேலே நீள முயன்று, இருந்த சத்தையெல்லாம் செலவழித்து, நீர் வடிந்ததும் மடிந்துவிடும். இந்த நெல் நீளாமல் அடங்கிக் கிடக்கும். சத்தைச் சேமித்து வைத்து, நீர் வடிந்ததும் புதுத்தளிர் விடும். ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். ஆனால் தூர் கட்டும் பருவத்துக்குத்தான் இந்தக் காப்பு. பூக்கும்போதோ கதிர் முற்றும்போதோ மூழ்கினால் எந்த ரகமும் தப்பாது. 2021 ஜனவரி மழையில் நடந்தது அதுதான்.

கேரளத்தின் பொக்காளி வயல்களை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எர்ணாகுளம், ஆலப்புழைப் பக்கம் கடல்நீர் ஏறி இறங்கும் நிலத்தில் மண்ணைக் குன்று குன்றாகக் கூட்டி, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை அதன் உப்பைக் கழுவிய பிறகு விதைப்பார்கள். அறுவடை முடிந்ததும் அதே நிலத்தில் இறால். உலகின் பல நாடுகளில் உப்பு தாங்கும் புதிய நெல் ரகங்களுக்கு மரபணு தந்தது அந்தப் பொக்காளிதான். நம் கரையில் இறால் பண்ணை வேறு மாதிரி வந்தது. நெல்லுக்குப் பின் இறால் என்று பருவம் மாறி வரவில்லை. நெல்லுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் உப்புக்குட்டையாக வந்தது. பக்கத்து வயலுக்கு அந்த உப்பு கசிகிறது என்ற புகார் கரையோர ஊர்களில் ஓயவில்லை.

தையில் வரும் பயறும் உளுந்தும் சிறு விவசாயிக்கு உண்மையான கைக்காசு. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மெழுகுப் பதத்தில் இருக்கும் சேற்றில் அது முளைக்கும். நெல்லை அறுத்ததும் வெயில் பட்டு எழும். மிச்ச ஈரத்திலும் பனியிலும் காய்த்துவிடும். தண்ணீர்ச் செலவு கிடையாது, உழவும் கிடையாது. விதைப்பு தள்ளிப்போனால் அறுவடை தள்ளிப்போகும். அறுவடை தள்ளினால் உளுந்துக்குப் பனி கிடைக்காது. தையில் மழை வந்தாலோ உளுந்து அழுகும். நனைந்த நெல்வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வர வேண்டும். அதற்கு வாடகை அதிகம். அது முளைத்த உளுந்தை மிதித்துவிட்டுப் போகும். அறுத்த நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். காயவைக்கக் களம் இல்லாதவர் தார்ச்சாலையில் கொட்டிக் காத்திருப்பார். தப்பிய ஒரு மழை, ஒரு வீட்டின் ஆறு மாதக் கணக்கை இப்படித்தான் குலைக்கிறது.

மேட்டு நிலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணல்மேட்டில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அதை ஆழ்துளை போட்டு இழுத்தால் உப்பு ஏறும். ஆழமில்லாத குட்டை வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தால் கோடை முழுவதும் பூச்செடிக்குக் கிடைக்கும். கஜா இந்த மேட்டைத்தான் கடுமையாகத் தாக்கியது. தென்னை விழுந்தால் திரும்பக் காய்க்க ஐந்தாறு ஆண்டாவது ஆகும். அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. அந்தத் தொகை ஆறு ஆண்டு வருமானத்துக்கு ஈடாகாது. தோப்பை மட்டும் நம்பாமல் மல்லிகையும் காய்கறியும் ஆடுமாடும் வைத்திருந்த வீடுகள்தான் அடுத்த சில மாதத்தில் கையில் காசு பார்த்தன. தலைஞாயிறுப் பக்கத்து உம்பளச்சேரி மாடு உவர் நிலத்துப் புல்லைத் தின்று, சேற்றில் சளைக்காமல் உழைப்பதற்கென்றே உருவான இனம். டிராக்டர் வந்தபின் அதன் எண்ணிக்கை குறைந்தது எனக்குப் பெரிய வருத்தம்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2016 முதல் நடக்கும் பிரதமர் திட்டத்தில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான். இழப்பை வயல் வயலாகக் கணக்கிடாமல், வருவாய்க் கிராமத்தில் சில இடங்களில் சோதனை அறுவடை செய்து சராசரியைப் பார்ப்பார்கள். கிராமத்தின் மேட்டுப் பகுதி நன்றாக விளைந்திருந்தால், பள்ளத்தில் முழுதும் மூழ்கியவருக்கும் குறைவாகவே வரும். கோயில் நிலத்தையோ தனியார் நிலத்தையோ வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவருக்கு அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் பெயர் ஏறுவதே பெரும்பாடு. பெயர் இல்லையென்றால் காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை. நட்டம் உழுதவருக்கு, பணம் பட்டாதாரருக்கு என்ற நிலையை மாற்றாமல் காப்பீட்டைப் பெரிதாகப் பேசுவதில் பொருள் இல்லை.

விதை, விதைப்பு நாள், தக்கைப்பூண்டு, குட்டை, பூ, மாடு என்று இதுவரை சொன்னவை ஒரு குடும்பம் தன் வரப்புக்குள் செய்துகொள்ளக்கூடியவை. வரப்புக்கு வெளியே இருக்கும் வடிகாலை அந்தக் குடும்பம் தனியாகத் தொட முடியாது. டெல்டா என்றாலே நாடு முழுவதும் பாசனத்தைத்தான் பேசுகிறது. கோடியக்கரைப் பக்கத்தில் வடிகாலும் பாசனத்துக்குச் சமமான உயிர்நாடி.

வயல்நீர் சிறு கன்னி எனப்படும் ஓடை வழியாக வடிவாய்க்காலுக்கும், அங்கிருந்து அடப்பாறு, வளவனாறு போன்றவற்றுக்கும், பிறகு வேதாரண்யம் கால்வாய்க்கும் கடலுக்கும் போக வேண்டும். நிலத்தின் சாய்வு மிகக் குறைவு என்பதால் கடல் வற்றும் நேரத்தில்தான் நீர் வேகமாக வெளியேறும். ஏற்றத்தின்போது கதவணையை மூடிக் கடல்நீரைத் தடுக்க வேண்டும். வற்றத்தின்போது திறந்து வெள்ளத்தை விட வேண்டும். புயல் நாளில் கடலே உயர்ந்து நிற்பதால் நாள்கணக்கில் நீர் வெளியே போகாது. உலகக் கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையே சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் வேகத்தில் உயர்கிறது. மில்லிமீட்டர் என்றால் அற்பம் என்று தோன்றும். ஒரு மீட்டர் உயரமுள்ள வயலுக்கு, கதவணை திறந்திருக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்று அதற்குப் பொருள். மேலேயிருந்து வந்து நிலத்தை உயர்த்த வேண்டிய வண்டலும் அணைகளிலேயே தங்கிவிடுகிறது.

இதை உணர்ந்து 2016இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனுதவியோடு வெண்ணாறு உபவடிநிலக் காலநிலைத் தகவமைப்புத் திட்டம் ஒப்பந்தமானது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைத் தூர்வாரிக் கரை உயர்த்துவதும், கதவணைகளைப் புதுப்பிப்பதும் அதன் வேலை. தமிழகத்தில் காலநிலையைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு நடந்த பெரிய நீர்ப்பணி இது. நல்ல வேலை என்றே நினைக்கிறேன். ஆனால் ஆற்றைத் தூர்வாரியிருந்தாலும், வயலிலிருந்து ஆறுவரை போகும் சிறு கன்னி அடைபட்டிருந்தால் பயன் இல்லை. அதில் வெங்காயத்தாமரை மண்டும். மனைக்கட்டுக்காகவும் பாதைக்காகவும் ஒருவர் அடைப்பார். இன்னொருவர் சிறு குழாய் புதைத்துவிட்டு மதகு என்பார். ஒருவர் வடித்த நீர் கீழ்வயலுக்காரரை மூழ்கடிக்கும், சண்டை வரும். குடிமராமத்து என்று நம் முன்னோர் ஊர்கூடிச் செய்த வேலை இந்தக் கடைசி அரைக் கிலோமீட்டரைத்தான் கவனித்துக்கொண்டது.

ஆண்டுதோறும் சித்திரை, வைகாசியில் அரசு தூர்வாரும் பணியை நடத்துகிறது. மேட்டூர் திறப்புக்குமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அது பாசன வாய்க்கால்களையே முதலில் பார்க்கிறது. கடைமடை ஒன்றியங்களில் இரண்டாவது சுற்றாகப் புரட்டாசியில், மழைக்கு முன்னால், வடிகால்களுக்கென்று தனியாக ஒரு பணி வேண்டும். ஊரக வேலைத்திட்டத் தொழிலாளர்களை இந்தச் சிறு கன்னிகளில் இறக்கலாம். கதவணையைத் திறந்து மூடும் ஆள் எந்த நேரத்தில் என்ன செய்வார் என்ற அட்டவணை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருந்தால், கீழ்வயலுக்காரர் நள்ளிரவில் மண்வெட்டியோடு வரப்பை வெட்டக் கிளம்ப வேண்டியிராது.